மூச்சை உள்ளே இழுத்துப் பேசுகிறவர்கள்

கீழமுனைப்பட்டினத்து அரசு ஆஸ்பத்திரியில் டோக்கன் மிஷின் ஜனங்களை அவரவருடைய முதல் பேச்சில் கூப்பிட ஆரம்பித்திருக்கிறது என்ற செய்தி மீன் ஏலக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, சலேத்மேரி ஒரு கூடை சீலா மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். 'ரெண்டு தரம்' என்று சொன்னவள், 'மூணு தரம்' சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமலே இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்துவிட்டாள். ஏனென்றால் முதலில் மாட்டிக்கொண்டவர் ஜவுளிக்கடை விட்டல்தாஸ். அவர் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சுக் கேட்டதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவரை அந்த மிஷின் செத்துப்போன அவருடைய அத்தை கூப்பிடுவதைப் போல மராத்தியில் கூப்பிட, அவர் முதுகுவலியை மறந்து, பெஞ்சில் உட்கார்ந்தபடியே மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம்.

மிஷின் ஆஸ்பத்திரிக்குப் புதிது. வாசலுக்குள் நுழைந்ததும் தூணோரமாக ஆள் உயரத்துக்கு நிற்கும். வருகிறவர்கள் அதன் துளை போட்ட வாயருகே குனிந்து பெயரையும் நோவையும் சொன்னால் ஒரு சீட்டைத் துப்பும். முறை வரும்போது ஒரு பெண்குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் கூப்பிடும். அப்படித்தான் அதைச் செய்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து, பிறந்து விழுந்த பிள்ளையின் காதில் முதன்முதலாக யார் எந்தப் பேச்சில் என்ன சொன்னார்களோ, அந்தப் பேச்சில், அந்தக் குரலில் அது கூப்பிட்டது. கூப்பிடப்பட்டவருக்கு அந்தப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தெரியாவிட்டாலும் உடம்பு எழுந்து நின்றது.

சேர்ந்து பிறந்த இரண்டு அக்கா தங்கச்சிகளில் ஒருத்தியைத் தமிழிலும் மற்றவளை மலையாளத்திலும் கூப்பிட்டது. பிரசவ அறையில் சின்னவளைக் கையில் வாங்கியவள் திருவல்லாவிலிருந்து வந்த நர்ஸ். மேடைக்கு மேடை தமிழே உயிர் என்று முழங்குகிற வார்டு கவுன்சிலரைத் தெலுங்கில் கூப்பிட்டது. அவர் இருமிக்கொண்டே எழுந்து போய், அதற்குப் பிறகு தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். இன்ஸ்பெக்டர் பரஞ்சோதியை நரிக்குறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற வாக்ரி பேச்சில் கூப்பிட்டது. அவர் நேரே ஊருக்குப் போய்ப் பெரியப்பாவை மிரட்டிக் கேட்க, பெற்றவள் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்டதும், பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்ற ஒருத்தி அவரை முதலில் கையில் வாங்கிப் பல மாதங்கள் பால் கொடுத்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. மறுவாரம் அந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுத் தரையில், பாசிமணிக்காரிகளுக்கு நடுவில், ஒன்றும் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழைக்காலத்தில் புதிதாய் ஒரு ஓடை தெருவுக்குள் வந்தால் எப்படிக் கல்லைப் போட்டுத் தாண்டப் பழகுவார்களோ அப்படித்தான் எடுத்துக்கொண்டது. நோய் இல்லாதவர்களும் 'மேலுக்குச் சொகமில்ல' என்று வந்து சீட்டு எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டார்கள், சுக்குக் காப்பிக்காரன் வந்தான், சம்பந்தம் பேசுகிறவர்கள் நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை ஒரு தடவை மிஷினிடம் கூட்டிக்கொண்டு போய்வந்தார்கள். கோயிலில் பங்குச்சாமியார், சீடர்கள் வாயில் பல தேசத்துப் பேச்சும் வந்த பெந்தெகொஸ்தே நாளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். மீன் கம்பெனியில் வேலை செய்கிற வடநாட்டுப் பையன்களில் ஒருவன், அவனை எல்லோரும் ஒடியாக்காரன் என்று நினைத்திருக்க, வேறேதோ மலைப்பேச்சில் கூப்பிடப்பட்டு, அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்பதற்காக வேலைக்குப் போகாமல் மூன்றாம் பெஞ்சிலேயே கிடந்தான். சூப்பிரண்டு டாக்டர் மெய்ஞானமூர்த்தி, நோயில்லாதவர்களுக்குச் சத்து மாத்திரை எழுதிக் கை சலித்துப்போய், மிஷின் கம்பெனிக்குப் போன்மேல் போன் போட்டார்.

இதையெல்லாம் ஏலக்கூடத்தில் நடித்துக் காட்டியவள் சலேத்மேரி. அந்தக் கரையில் அவள் வாய்க்கு ஈடு கிடையாது. அவள் கூவுகிற விலையைக் கேட்டு நடுக்கடலில் வருகிற வள்ளக்காரன் துடுப்பை வேகமாய்ப் போடுவான் என்பார்கள். வசவும் பழமொழியும் பைபிள் வசனமும் ஒரே மூச்சில் வரும். 'நம்மள எதுல கூப்பிடும்? இந்தக் கரைத் தமிழத் தவிர மிஷினுக்கு வேற வழி உண்டா?' என்று சொல்லிவிட்டு, சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன ஒரு வியாழக்கிழமை, வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

குனிந்து பெயரைச் சொன்னாள். சீட்டை வாங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் நெத்திலி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது மிஷின் மூச்சை இழுத்தது.

முதலில் அது ரிப்பேர் ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். கூழாங்கல் கரையில் அலை பின்வாங்கும்போது கல்லுக்குள் நீர் உறிஞ்சிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு அந்தச் சத்தத்துக்குள் சொல் இருப்பது தெரிந்தது. ஒரு பெண், அவசரமாக, மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே பேசினாள். அவ்வளவு நாளில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காக்கையையும் மைனாவையும் சத்தத்தில் பிரித்தறிவதைப் போல ஊரிலுள்ள பேச்சு அத்தனையும் பிரித்தறியப் பழகியிருந்தது. இது எந்தப் பேச்சு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்தின. வழக்கமாக மொழியின் பெயர் காட்டுகிற திரையில் 'தீர்மானிக்கப்படவில்லை' என்று வந்தது.

சலேத்மேரியின் உடம்பு எழுந்து நின்றது. அவள் அதை உட்கார வைக்கப் பார்த்தாள், அது உட்காரவில்லை.

அவள் கிடைத்த பிள்ளை என்பது ஊருக்குப் புதிய சேதி இல்லை. பெரிய புயல் அடித்த வருஷம், தண்ணீர் வடிந்த காலையில், ஏலக்கூடத்து உத்தரத்தின்மேல் வலைக்கயிற்றால் கட்டப்பட்டு ஒரு பச்சைக் குழந்தை கிடந்தது. அடித்துக்கொண்டு போன ஏதோ ஒரு கரையூரின் பிள்ளை என்று சொல்லி, ஏலக்காரி அமலோற்பவம் எடுத்து வளர்த்தாள், பெயர் வைத்தாள், தன் தொழிலையும் நாக்கையும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அதை யாரும் அதற்குப் பிறகு நினைத்ததில்லை. இப்போது நினைத்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழாயடியில் அவள் குடத்துக்கு வழி விட்டார்கள், அவ்வளவுதான். வரிசையில் சண்டை போட்டு வாங்குகிற இடத்தை ஒருவருக்கு மரியாதையாக விட்டுக்கொடுப்பதைப் போல ஒரு தள்ளிவைப்பு வேறு கிடையாது. ஏலத்தில் அவள் கூவும்போது எதிரில் நின்றவர்கள் விலையைக் கேட்கவில்லை, அவள் மூச்சைக் கேட்டார்கள். அது உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பார்த்தார்கள். படகுக்காரர்கள் ஒவ்வொருவராய்ப் பக்கத்துக் கூடத்துக்கு மீனைக் கொண்டுபோனார்கள்.

கம்பெனியிலிருந்து வந்தவள் துவாரகா. சென்னைக்காரி, முப்பது முப்பத்திரண்டு வயது. மிஷினின் முதுகைக் கழற்றிப் பார்த்தாள், ஒரு குற்றமும் இல்லை என்றாள். இத்தனை பேச்சையும் அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, 'நாங்க சொல்லிக்கொடுக்கல சார். ஆனா அது ஒவ்வொண்ணுக்கும் சரியான பட்டைதான் ஒட்டியிருக்கு. ஒண்ணுகூடத் தப்பில்ல' என்றாள். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

சலேத்மேரி அவளைத் தேடிப்போனாள்.

'பட்டைன்னா என்ன தங்கச்சி?'

'உலகத்துல இருக்கிற ஒவ்வொரு மொழிக்கும் ரெண்டு எழுத்துல, மூணு எழுத்துல ஒரு குறி வெச்சிருக்காங்க அக்கா. தமிழுக்கு டி-ஏ. இன்டர்நெட்ல ஒரு பேச்சோ எழுத்தோ போகுதுன்னா அந்தக் குறியையும் கூட ஒட்டி அனுப்பணும். அப்பதான் அந்தப் பக்கம் இருக்கிற மிஷினுக்கு இதை எந்த வாயால படிக்கணும்னு தெரியும். இல்லன்னா தமிழை இங்கிலீஷ் வாயால படிச்சுக் கொன்னுடும்.'

'எனக்கு என்ன ஒட்டியிருக்கு?'

'யு-என்-டி. இன்னும் தீர்மானிக்கலைன்னு அர்த்தம்.'

'அனாதைன்னு சொல்லேன்.'

'அப்படி இல்லக்கா.' துவாரகா அவசரமாய் மறுத்தாள். 'தெரியாததுக்குத் தெரிஞ்ச பேரை ஒட்டினா அது பொய். தெரியலைன்னு ஒட்டினா, பின்னாடி யாராவது வந்து கண்டுபிடிக்க இடம் இருக்கு. அதுக்காகத்தான் அந்தக் குறி.'

அவள் அந்தக் குரலைப் பதிவுசெய்து, இந்தக் குறிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிற பல தேசத்து ஆட்களுக்கு அனுப்பினாள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆப்பிரிக்காவில் தேடினார்கள், தீவுகளில் தேடினார்கள், செத்துப்போன பாஷைகளில் தேடினார்கள். கடைசியில் ஒருவர் எழுதினாராம்: இதைப் பேசுகிற இரண்டாவது ஆள் இருக்கிறாரா? ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது சத்தம். இரண்டு பேருக்கு நடுவில் இருந்தால்தான் மொழி.

அன்றிலிருந்து சலேத்மேரி ஆஸ்பத்திரியில் உட்கார ஆரம்பித்தாள். ஏலம் எப்படியும் படுத்துவிட்டது. காலையில் வந்து தூணுக்கு எதிர்ப் பெஞ்சில், அந்த மலைப்பேச்சுப் பையனுக்குப் பக்கத்தில் உட்காருவாள். வருகிற ஒவ்வொருவரும் கூப்பிடப்படும்போது முந்தானையைக் கையில் சுருட்டிக்கொள்வாள். மூச்சு வெளியே வரும். அவள் கை தளரும்.

அவள் புருஷன் காஸ்பர் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான்; வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் அவளே பேசிவிடுவாள். மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டான்.

'ஏட்டி, நாம பேசிக்கிட்டது போதாதா ஒனக்கு? இருவத்தாறு வருசமா பேசுதோம்.'

'போதாதுன்னு நான் சொன்னேனா?'

'பின்ன இங்கன யாருக்குக் காத்துக் கெடக்க?'

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். திரும்பிப் போகும்போது சைக்கிளை ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனான்.

டாக்டர் மெய்ஞானமூர்த்தி பொறுமையிழந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் சீட்டு எடுக்கும்போது நோயாளிகள் பந்தலுக்கு ஓடுகிறார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் பயப்படுகிறார்கள். 'தீர்மானிக்கலைன்னு எத்தனை நாள் வச்சிருப்பீங்க? அந்தம்மா பேசறது தமிழ்தானே? தமிழ்னே போட்டுடுங்கம்மா' என்றார். துவாரகா மறுத்தாள். கம்பெனியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அவள் மனமில்லாமல் உட்கார்ந்து, அந்தக் குரலுக்கு மேல் இருந்த குறியை எடுத்துவிட்டுத் தமிழின் குறியை ஒட்டினாள்.

அது பட்டப்பகல். வெயில் கூடத்துக்குள் பாதித் தூரம் வந்திருந்தது. மிஷின் சலேத்மேரியைத் தெளிவான தமிழில், பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவள் எழுந்தாள். பிறகு அது அடுத்த ஆளைக் கூப்பிட்டது. அவருக்கும் அதே தமிழ்க் குறிதான். அவரை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கூப்பிட்டது.

அவர் ஒன்றும் நடக்காததைப் போல எழுந்தார். டாக்டர் அறைக்குப் போகவில்லை, மாடிப்படியில் ஏறினார். அடுத்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி, அடுத்து காலில் கட்டுப் போட்டவர், அடுத்து இரண்டு கிழவர்கள். முறை வராதவர்களையும் அது கூப்பிட்டது, அவசரமாக, ஒருவர்மேல் ஒருவராக. தமிழ்க் காதுள்ளவர்கள் அத்தனை பேரும் எழுந்து, ஒருவரை ஒருவர் தள்ளாமல், பேசாமல், படியேறினார்கள். நர்ஸுகள் ஏறினார்கள். டாக்டர் மெய்ஞானமூர்த்தி ஸ்டெதஸ்கோப்போடு ஏறினார். சலேத்மேரி பின்னாலேயே ஓடினாள். மொட்டைமாடியில் அவர்கள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கம்பியைப் பிடித்தவர்கள் கம்பியையும், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தவர்கள் தொட்டியையும், எதுவும் எட்டாதவர்கள் பக்கத்தில் இருந்தவரின் சட்டையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடல் அன்று எண்ணெய் ஊற்றியதைப் போல அசையாமல் கிடந்தது. அவள் ஒவ்வொருவரையாய்ப் பிடித்து உலுக்கினாள். 'டாக்டரய்யா, என்னய்யா இது, எறங்குங்க' என்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவருக்கு அவள் தமிழ் விளங்கவில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

கீழே துவாரகாவும் மலைப்பேச்சுப் பையனும் மட்டும்தான் இருந்தார்கள். துவாரகாவின் வீட்டில் முதலில் அவள் காதில் விழுந்தது கன்னடம். அவள் பழைய குறியைத் திரும்ப ஒட்டினாள். மாடியில் எல்லோரும் கையை விட்டார்கள். இறங்கி வந்தார்கள். உள்ளங்கை ஏன் சிவந்து கன்றியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் குரலுக்குப் பெயர் வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மழை முடிந்து தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை காலை, கடலோரக் காவல்காரர்கள் ஒரு பிரேதத்தைக் கொண்டுவந்தார்கள். நீலத் தார்ப்பாயில் சுற்றியிருந்தது. வெகுதூரத்தில் மிதந்ததாம். ஒரு பொம்பிளை, வயதானவள், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை மீன்கள் எடுத்துவிட்டிருந்தன. அடையாளம் தெரியாத பிணங்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதில்லை. சவக்கிடங்குக்குப் போகிற வழி மிஷினைத் தாண்டித்தான். ஸ்ட்ரெச்சர் தூணருகே வந்தபோது, யாரும் பெயர் சொல்லாமல், சீட்டு எதுவும் எடுக்காமல், மிஷின் மூச்சை இழுத்தது.

அது சலேத்மேரியிடம் பேசியதைவிட நிதானமாகப் பேசியது. இது வேறு ஒருத்தியின் குரல், இளம் குரல். தாலாட்டைப் போல ஏறி இறங்கிற்று. ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அது நகராமல் கூடத்தின் நடுவில் நின்றது, அதைச் சுற்றி நீர் சொட்டியது, குரல் பேசிக்கொண்டே இருந்தது, யாரும் எழுந்து நிற்கவில்லை என்பதால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது.

சலேத்மேரி போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். பார்க்க அதில் முகம் இல்லை. நெற்றி இருந்த இடத்தில் கையை வைத்தாள்.

'இது என் ஆளு' என்றாள்.

டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். 'என்னம்மா ஆதாரம்?'

'ஒங்க மிஷினு சொல்லுதே, கேக்கலியா?'

யாரும் உரிமை கோராத பிணத்தை ஒப்படைக்கிற பொறுப்பு இன்ஸ்பெக்டர் பரஞ்சோதியிடம் இருந்தது. அவர் வந்தார். 'என்ன உறவுன்னு போட?' என்று கேட்டார். அவள் அம்மா என்று சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

'என் பேச்சுக்காரி' என்றாள்.

பரஞ்சோதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, 'எடுத்துட்டுப் போங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்' என்றார்.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. படகுகள் அத்தனையும் எஞ்சின் அணைந்து, வரிசையாக, ஆழமில்லாத தண்ணீரில் கட்டிக்கிடந்தன. ஞானஸ்நானம் தெரியாத உடம்பு என்று பங்குச்சாமியார் தயங்கியதால், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கடலைப் பார்த்த மணலில் குழி வெட்டினார்கள். காஸ்பரும் மலைப்பேச்சுப் பையனும் இன்னும் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் சலேத்மேரி நினைத்தாள். பூசை முடிந்து கலைந்த ஜனம் தூரத்தில் நின்று பார்த்தது. பிறகு கொஞ்சம் கிட்ட வந்தது. பிறகு ஏலக்கூடத்துப் பெண்கள், குழாயடியில் வழிவிட்டவர்கள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து குழியைச் சுற்றி நின்றார்கள். சாவு வீட்டில் அழ ஆளில்லாமல் விடுவது அந்தக் கரையில் வழக்கமில்லை. சென்னைக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட துவாரகா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.

முதல் பிடி மண்ணைச் சலேத்மேரிதான் போட்டாள். ஒப்பாரியை அவள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். அமலோற்பவம் செத்த அன்று அவள் அழுத அழுகையில் பக்கத்து ஊர் நாய்கூட ஊளையிட்டது என்று சொல்வார்கள். வாயைத் திறந்தாள். தமிழ் வரவில்லை. ஒரு சொல், ஒரு அசைகூட வரவில்லை. காற்றுக்குத் தவித்து, அவள் மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சோடு சொல் உள்ளே வந்தது.

அவள் அழுதாள். மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, அலை கல்லை உறிஞ்சுவதைப் போல, ஒரு சொல்லும் வெளியே சிந்தாமல் அழுதாள். அழ அழ, இத்தனை மாதமாக அந்த மிஷின் தன்னிடம் என்ன சொன்னது என்பது அவளுக்கு விளங்கியது. அது அவளைக் கூப்பிடவே இல்லை. மேலேயே இரு, பிடியை விடாதே, தண்ணீரைப் பார்க்காதே என்று, கயிற்றை முடிபோட்டுக்கொண்டே ஒருத்தி சொன்னதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் முதலில் பின்வாங்கினார்கள். பிறகு, அழுகிறவளைத் தனியாக அழவிடக் கூடாது என்பதால், மார்பில் அடித்துக்கொண்டு, அவள் இழுத்தபோது தாங்களும் மூச்சை இழுத்து, பொருள் தெரியாமல் அவளோடு சேர்ந்து அழுதார்கள். மத்தியான வெயிலில், நாற்பது ஐம்பது பெண்கள் ஒரே சமயத்தில் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் அந்தக் கரையில் கேட்டது.

பதில் படகுகளிலிருந்து வந்தது.

ஆளில்லாத படகுகளில், அணைத்துவைத்திருந்த வயர்லெஸ் செட்டுகளில், முதலில் ஒன்றில், பிறகு அடுத்ததில், பிறகு வரிசை முழுவதிலும் அதே உள்மூச்சு கேட்டது. ஒரு குரல் இல்லை; ஆணும் பெண்ணும் கிழடும் குழந்தையுமாக எத்தனையோ குரல்கள். பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். அந்தக் குரல்கள் நிறுத்தவில்லை. பங்குச்சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். துவாரகா போனை எடுத்துப் பதிவுசெய்யவும் மறந்து, 'ரெண்டு பேர் இல்ல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'ரெண்டு பேர் இல்ல, ஊரே இருக்கு.'

சலேத்மேரி தண்ணீரில் இறங்கி நடந்தாள். சேலை கனத்தது. காஸ்பர் பின்னாலேயே பாய்ந்து வந்து, அவளுக்கு முன்னால் முதல் படகில் ஏறி, கை கொடுத்துத் தூக்கிவிட்டான். பேசுகிற கருவியை ஆணியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு அவளுடைய மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

'என்ன கேக்குறாவ?'

'செத்தது யாருன்னு கேக்குறாவ.'

'ஒனக்குத்தான் தெரியாதே. என்ன சொல்லப்போற?'

அவள் மூச்சை இழுத்து என்னவோ சொன்னாள். எல்லாச் செட்டுகளும் சற்றே அடங்கின. பிறகு ஒரு நீண்ட உறிஞ்சல், கரை நெடுக, ஒன்றாக எழுந்து ஓய்ந்தது. அந்தப் பக்கமும் அழுகிறார்கள் என்பது கரையில் நின்றவர்களுக்கும் தெரிந்தது.

'நம்ம ஆளுன்னு சொன்னேன்' என்றாள் காஸ்பரிடம்.

அழுகை ஓய்ந்த பிறகு, ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டது. வயதான குரல். ஒரு கேள்வி. சலேத்மேரி கருவியை வாயருகிலிருந்து இறக்கினாள்.

'இப்ப என்னட்டி?'

'பேசுதது யாருன்னு கேக்குறாவ. நான் யாருன்னு.'

காஸ்பரின் பிடி இறுகியது. அவன் அவளைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுதும் அவளிடமே பேச்சை விட்டுவிட்டவன், இதையும் அவளிடமே விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். சொல்ல முடியவில்லை. மறுபடி இழுத்தாள். அந்தப் பெயர் உள்மூச்சுக்குள் வரவில்லை. சலேத்மேரி என்பதை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்ல முடியாது, அமலோற்பவம் மகள் என்பதையும் சொல்ல முடியாது, காஸ்பர் பெஞ்சாதி என்பதையும் முடியாது. அவை எல்லாம் வெளியே விடுகிற மூச்சில் செய்தவை. அவள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி, ஏலம் கூவுகிற குரலில், கடலெல்லாம் கேட்கும்படி, மூச்சை வெளியே விட்டுச் சொன்னாள்.

'சலேத்மேரி! கீழமுனைப்பட்டினம் ஏலக்காரி அமலோற்பவம் மக சலேத்மேரி!'

படகுகள் கயிற்றில் மெல்ல இழுபட்டன. காஸ்பர் கண்ணைத் திறந்தான்.

பிறகு, பழக்கமில்லாத வாய்கள், கிழவாய்களும் குழந்தை வாய்களும், தட்டுத்தடுமாறி, இருமி, முதன்முதலாக மூச்சை வெளியே விட்டு, ஒவ்வொன்றாக அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தன.